தாள்-பென்சில் சோதனையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் கொண்டுபோவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு உளவியலில் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் தாள்-பென்சில் சோதனைகளை மூளைப் படமெடுப்போடு சேர்த்துச் செய்ய நினைக்கும் ஆய்வு மாணவர்களுக்காகவும் ஆய்வகங்களுக்காகவும் இந்தப் பக்கம். எல்லாச் சோதனைகளையும் ஒரே அளவில் பேசினால் எதற்கும் உதவாது. அதனால் டிரெயில் மேக்கிங் சோதனையை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். மற்றவை இடையிடையே வரும். படமெடுக்கும் முறை என்று சொல்லும்போது, வேறு பெயர் சொல்லாதவரை, 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் செய்யும் செயல்சார் எம்.ஆர்.ஐ.யையே (மூளை வேலை செய்யும்போது இரத்த ஓட்டத்தில் வரும் மாற்றத்தைப் படமெடுப்பது) குறிக்கிறோம்.

டிரெயில் மேக்கிங் சோதனை என்பது என்ன?

1944இல் அமெரிக்க இராணுவத்தின் தனிநபர் சோதனைத் தொகுப்பில் இடம்பெற்றது. பின்னர் உளவியலாளர் ரெய்டன் அதை ஹால்ஸ்டெட்-ரெய்டன் நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பில் சேர்த்ததால் மருத்துவமனைகளில் பரவியது. 'அ' பகுதியில் 25 வட்டங்கள். 1 முதல் 25 வரை கோடிட்டு இணைக்க வேண்டும். 'ஆ' பகுதியிலும் 25 வட்டங்கள்தான், ஆனால் 1 முதல் 13 வரை எண்களும் A முதல் L வரை எழுத்துகளும் கலந்திருக்கும். 1-A-2-B-3-C என்று மாறி மாறிப் போக வேண்டும். எடுத்துக்கொண்ட நேரம்தான் மதிப்பெண். நலமான பெரியவருக்குச் சராசரியாக முதல் பகுதிக்கு அரை நிமிடமும் இரண்டாவதற்கு ஒன்றேகால் நிமிடமும் ஆகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் மனம் ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் செலவு என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

அந்த விளக்கம் முழுவதும் சரியில்லை. 'ஆ' தாளில் கோட்டின் மொத்த நீளம் 'அ' தாளைவிட 56 செ.மீ. கூடுதல், வழியில் கண்ணைக் குழப்பும் வட்டங்களும் அதிகம். கூடுதல் நேரத்தில் ஒரு பங்கு வெறும் கைநீளத்துக்குப் போகிறது. தாளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்கேனரில் முடியாது, ஏனெனில் கை நகர்வதும் கண் தேடுவதும் படத்தில் பளிச்சென்று தெரியும்.

அதே தாளையும் பென்சிலையும் உள்ளே கொடுத்துவிட்டால் என்ன?

கொடுக்கலாம். உலோக வளையமில்லாத மரப் பென்சில், பிளாஸ்டிக் பலகை, பசையால் ஒட்டிய தாள் என்று ஏற்பாடு செய்தால் பாதுகாப்பில் பெரிய சிக்கல் இல்லை. ஆபத்து, கூட வரும் பொருள்களில்: எஃகு கிளிப் வைத்த எழுதுபலகை, ஸ்டேப்பிள் பின், ஸ்பிரிங் உள்ள பேனா, ஷார்ப்னர். இவற்றில் எதுவும் காந்த அறைக்குள் வரக்கூடாது. எந்தப் பொருள் போகலாம் என்பதை அந்த ஸ்கேனரின் பாதுகாப்புப் பொறுப்பாளர்தான் சொல்ல வேண்டும். கையில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து ஒட்டிப் பார்த்துவிட்டு நீங்களே முடிவெடுக்காதீர்கள்.

சிக்கல் அளவிடுவதில் இருக்கிறது. மல்லாந்து படுத்திருப்பவருக்குத் தன் மடியில் இருக்கும் தாள் தெரியாது. கண்ணாடி வைத்துக் காட்டினாலும் எந்தக் கோடு எந்த நொடியில் போடப்பட்டது என்ற பதிவு கிடைக்காது. ஒவ்வொரு தாளையும் மாற்ற ஒருவர் உள்ளே நிற்க வேண்டும். நேரப் பதிவு இல்லாத கோட்டை மூளைச் சிக்னலோடு பொருத்த வழியே இல்லை.

அப்படியானால் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

சோதனையின் எந்த உறுப்பை உள்ளே கொண்டுபோகிறீர்கள் என்பதை. டிரெயில் மேக்கிங்கில் குறைந்தது ஐந்து வேலைகள் ஒன்றாக நடக்கின்றன: கண்ணால் தேடுதல், வரிசையை நினைவில் வைத்தல், இரு வரிசைகளுக்கிடையே தாவுதல், கையை இலக்குக்குக் கொண்டுபோதல், தவறைக் கவனித்துத் திருத்துதல். தாவுதல் மட்டும் போதுமென்றால் கை வரைய வேண்டிய தேவையே இல்லை. கையும் கண்ணும் சேர்ந்து இயங்குவதுதான் உங்கள் கேள்வி என்றால் பட்டன் அழுத்தும் வடிவம் பயன்படாது.

இந்த முடிவை எடுக்காமல் கருவி வாங்குவதுதான் நாம் அதிகம் பார்க்கும் கோளாறு. கருவிக்கேற்ற கேள்வியைப் பிறகு தேட வேண்டிவரும்.

எத்தனை வழிகள் இருக்கின்றன?

நடைமுறையில் மூன்று.

பேச்சு வடிவம்: படமே இல்லை, "ஒன்று, அ, இரண்டு, ஆ" என்று சொல்லிக்கொண்டே போவது. மோல் குழுவினர் 2002இல் இப்படிச் செய்த ஆய்வில் இடப் பக்க முன்மூளையும் இரு பக்கத்துச் சுவர்மடல் பள்ளங்களும் தெரிந்தன. எளிது, மலிவு. ஆனால் தேடலும் கையும் போய்விட்டன. வாய்விட்டுச் சொன்னால் தாடை அசைவு படத்தைக் கெடுக்கும். மனத்துக்குள் சொன்னால் அவர் உண்மையிலேயே சொல்கிறாரா என்று தெரியாது. இடைவழி ஒன்று உண்டு: மனத்துக்குள் சொல்ல வைத்து, தொகுதி (ஒரே பணியைத் தொடர்ந்து செய்யும் சில நொடிகள்) முடிந்ததும் "எங்கே நிற்கிறீர்கள்?" என்று நான்கு விடைகளைத் திரையில் காட்டிப் பட்டன் மூலம் கேட்பது.

பட்டன் வடிவம்: திரையில் வட்டங்கள், அடுத்த இலக்கு இடமா வலமா என்று அழுத்தச் சொல்வது. நேரம் மில்லிநொடித் துல்லியத்தில் கிடைக்கும், தலை அசைவு குறைவு. ஆனால் இது வேறொரு சோதனை. இலக்கைக் கண்டுபிடிப்பதோடு 'இது இடப் பக்கம், ஆகவே ஆட்காட்டி விரல்' என்ற மொழிபெயர்ப்பு வேலையும் சேர்ந்துவிடுகிறது.

டேப்லெட் வடிவம்: காந்த அறைக்கு ஏற்ற தொடுபலகையில் எழுதுகோலால் வரைவது. டொரன்டோ ஆய்வுக் குழு ஒன்று 2011இல் இப்படியொரு டேப்லெட்டை விவரித்தது. 2015இல் கேமரா சேர்த்து, பங்கேற்பாளர் தன் கையையே திரையில் பார்த்தபடி எழுதும் ஏற்பாட்டை வெளியிட்டது. தாளுக்கு மிக நெருக்கமானது இதுதான். வேலை மிகுந்ததும் இதுதான்.

டேப்லெட் அமைப்பில் என்னென்ன பாகங்கள் வேண்டும்?

தொடுபலகை அழுத்தத்தால் இயங்கும் ரெசிஸ்டிவ் வகையாக இருப்பது வசதி. எழுதுகோல் வெறும் பிளாஸ்டிக் குச்சியாக இருக்கலாம். அதற்கு விலையும் உண்டு: மணிக்கட்டு படிந்தாலும் அதைத் தொடுகை என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே மணிக்கட்டு தங்க, பலகையின் விளிம்பைவிடச் சற்று உயரமான ஒரு மேடை கட்டாயம்.

பலகையைத் தாங்கும் மேடை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. வயிற்றுக்கும் தொடைக்கும் மேலாகப் பாலம் போல நிற்க வேண்டும், உடலில் படக்கூடாது. மூச்சு விடும்போது மேடை ஆடினால் கோடும் ஆடும். சாய்வையும் உயரத்தையும் மாற்ற முடிய வேண்டும். கருவியின் குழல் விட்டம் 60 செ.மீ.யா 70 செ.மீ.யா என்பதைப் பொறுத்து இடம் மாறும். பருமனான ஒருவரை 60 செ.மீ. குழலில் படுக்க வைத்து முன்கூட்டியே பொருத்திப் பாருங்கள்.

பலகையிலிருந்து வரும் கம்பி உறை போர்த்தியதாக இருந்து, சுவரிலுள்ள இணைப்புப் பலகத்தின் வடிகட்டி வழியாகத்தான் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். கதவிடுக்கிலோ வடிகட்டி இல்லாத துளையிலோ கம்பியை நுழைத்தால் அது ஆண்டெனாவாகி வெளி அலைகளை உள்ளே இழுத்துவரும். கம்பியைச் சுருட்டி உடலோடு ஒட்டி வைப்பதும் கூடாது, சூடேறித் தோலைச் சுடலாம்.

திரைக்குப் புரொஜக்டரும் தலைச் சுருளின் மேல் கண்ணாடியும் போதும். பின்னிருந்து வீசும் படம் கண்ணாடியில் பட்டு இடவலம் மாறலாம். எழுத்து நேராகத் தெரிகிறதா என்பதோடு நிறுத்தாமல், கையை வலப்பக்கம் நகர்த்தினால் திரைப் புள்ளியும் வலப்பக்கம் போகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் தனித்தனியாகத் தவறலாம்.

வரையும் பரப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

ஏ4 தாளின் பரப்பு வேண்டாம். அவ்வளவு தூரம் கை போக வேண்டுமென்றால் தோள் அசையும். தோள் அசைந்தால் தலை அசையும். ஏறத்தாழ 10 × 8 செ.மீ. பரப்புக்குள் வைத்தால் விரலும் மணிக்கட்டும் மட்டும் வேலை செய்யும். கை 1 செ.மீ. நகரும்போது திரையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை மென்பொருளில் வைக்கலாம். ஆனால் நீள, அகல விகிதம் பலகையிலும் திரையிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வட்டம் வரைந்தால் முட்டை வரும், பங்கேற்பாளர் அதைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வதே தனி வேலையாகிவிடும்.

தாளில் இருந்த 25 வட்டங்களையும் திரையில் அடக்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 செ.மீ. அகலமுள்ள தாளை 40 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்த்தால் அது கண்ணில் சுமார் 29 டிகிரி விரியும். 30 செ.மீ. அகலத் திரையை 100 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் 17 டிகிரிதான். அதே வரைபடத்தை அப்படியே சுருக்கினால் வட்டங்கள் நெருங்கிவிடும், கண் தாவும் தூரமும் குறைந்துவிடும். உள்ளே எழுதிய எண்ணோ எழுத்தோ 0.7 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்படி வைத்து (அந்தத் தொலைவில் 1.2 செ.மீ. உயரம்), எத்தனை வட்டம் தாராளமாக அடங்குகிறதோ அதை எடுத்துக்கொள்வதே நல்லது. ஒரு தொகுதிக்கு 25 வட்டம் எப்படியும் தேவைப்படாது. ஏன் என்பது நேரக் கணக்கில் வருகிறது.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? தாளில் முடிக்கும் வரைதானே விடுகிறோம்?

தாளில் வேலை நிலையானது, நேரம் மாறும். ஸ்கேனரில் நேரத்தை நிலையாக்கி, அதற்குள் எத்தனை சரியான இணைப்புகள் என்று எண்ணுவது வசதி. இரத்த ஓட்டச் சிக்னல் தூண்டலுக்கு 5, 6 நொடி கழித்துத்தான் உச்சம் தொடும், அடங்க இன்னும் பத்து நொடிக்கு மேல் ஆகும். ஆகவே 20 முதல் 30 நொடித் தொகுதிகள் நன்றாக வேலை செய்யும்.

ஒரு மாதிரித் திட்டம்: 'அ' பகுதி 24 நொடி, 'ஆ' பகுதி 24 நொடி, கட்டுப்பாட்டுப் பணி (ஒப்பிடுவதற்கான எளிய பணி) 24 நொடி, ஒவ்வொன்றுக்கும் பின் 12 நொடி திரையிலுள்ள ஒரு குறியைப் பார்த்தபடி ஓய்வு. ஒரு சுற்று 108 நொடி. நான்கு சுற்றுகள் 432 நொடி, தொடக்கத்தில் 12 நொடி, ஆக 444 நொடி. இரண்டு நொடிக்கு ஒரு படம் என்றால் 222 படங்கள். இப்படி இரண்டு ஓட்டங்கள் (இடையில் நிறுத்தாத படமெடுப்புகள்) எடுத்தால் ஒவ்வொரு நிலைக்கும் எட்டுத் தொகுதிகள் கிடைக்கும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று. தொகுதியை 30 நொடியாகவும் இடைவெளியை 15 நொடியாகவும் வைத்தால் சுற்று 135 நொடி ஆகிறது. எஸ்.பி.எம். என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளின் இயல்பான உயர் அலைவரிசை வடிகட்டி 128 நொடிக்கு மேற்பட்ட மெதுவான மாற்றங்களை நீக்கும். அதாவது உங்கள் பணியின் சிக்னலையே இரைச்சல் என்று எடுத்து எறிந்துவிடும். முடிவில் 'செயல்பாடு எதுவும் தெரியவில்லை' என்று தலையைச் சொறிவார்கள். சுற்றுக்குள் வரிசையைக் கலைத்துப் போட்டால் ஒரே நிலை இருமுறை வருவதற்கிடையே இன்னும் நீண்ட இடைவெளி விழும். அப்போது வடிகட்டியை 200 நொடிக்கு மேல் தளர்த்துங்கள்.

24 நொடியில் எத்தனை வட்டம் போவார்கள்?

தாளின் வேகத்தை வைத்துப் பார்த்தால் 'அ' பகுதியில் ஓர் இணைப்புக்கு 1.2 நொடி, ஆக 20 இணைப்புகள். 'ஆ' பகுதியில் ஓர் இணைப்புக்கு 3 நொடி, ஆக 8. படுத்தபடி டேப்லெட்டில் இன்னும் மெதுவாகும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, 'ஆ' பகுதியில் ஒவ்வொரு தொகுதியும் 1-A என்று தொடங்கினால் பங்கேற்பாளர் 5ஐத் தாண்டவே மாட்டார். எட்டுத் தொகுதியிலும் அதே எளிதான தொடக்கத்தையே செய்வார், மூன்றாவது தொகுதிக்குள் அது மனப்பாடமாகிவிடும். ஆகவே தொடக்கப் புள்ளியை மாற்றுங்கள்: ஒன்று 1இல், அடுத்தது 4இல், அடுத்தது 7இல். இரண்டு, 'அ' பகுதியில் வேகமான இளைஞர்கள் தாளையே முடித்துவிடுவார்கள். முடித்தவுடன் புதிய வரைபடம் தானாக வர வேண்டும். வெறும் திரையை வெறித்துக்கொண்டிருக்கும் ஆறு நொடியும் 'அ' பகுதியின் கணக்கில்தான் ஏறும்.

கட்டுப்பாட்டுப் பணியாக எதை வைப்பது?

இதில்தான் ஆய்வு நிற்பதும் விழுவதும். கண்ணை மூடி ஓய்வெடுப்பதோடு ஒப்பிட்டால் பாதி மூளை ஒளிரும். அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. எண் எழுதாத வெற்று வட்டங்களில், ஏற்கெனவே மெல்லியதாகப் போட்ட கோட்டின் மேல் எழுதுகோலை ஓட்டச் சொல்வது நல்ல கட்டுப்பாடு: கை உண்டு, கண் உண்டு, தேடலும் வரிசையும் இல்லை.

ஆனால் வேகம் பொருந்த வேண்டும். மேலே பார்த்தபடி 'அ'வில் 20 இணைப்பு, 'ஆ'வில் 8. 'ஆ'வைவிட 'அ'வில் கை அதிகம் இயங்குகிறது. எனவே 'அ கழித்தல் ஆ' ஒப்பீட்டில் கையியக்கப் புறணி தெரிந்தால் வியப்படைய ஒன்றுமில்லை; அது அறிதல் பற்றிய கண்டுபிடிப்பும் அல்ல. சமாளிக்க இரு வழிகள். கட்டுப்பாட்டுப் பணியில் அடுத்த கோடு குறித்த நேரத்துக்குப் பிறகே தோன்றும்படி செய்து வேகத்தைக் கட்டலாம். அல்லது எழுதுகோல் தொட்டிருந்த நேரம், நகர்ந்த தூரம் இரண்டையும் தொகுதிவாரியாகக் கணக்கிட்டுப் புள்ளியியல் மாதிரியில் தனி மாறிகளாகச் சேர்க்கலாம். முதல் வழி எங்களுக்குப் பிடித்தது. புள்ளியியலால் பின்னால் துடைப்பதைவிட வடிவமைப்பில் முன்னால் தடுப்பது எளிது. எந்த வழியானாலும் வரைபடங்களின் மொத்தக் கோட்டு நீளம் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகட்டும்.

தவறு செய்தால் யார் திருத்துவது?

தாளில் சோதனையாளர் உடனே சுட்டிக்காட்டுவார், பங்கேற்பாளர் கடைசிச் சரியான வட்டத்துக்குத் திரும்புவார், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேனரில் அந்த வேலை மென்பொருளுடையது. தவறான வட்டத்தைச் சிவப்பாக மின்னச் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம், அந்த மின்னலே, தவறைக் கவனிக்கும் மூளைப் பகுதியான முன் வளைமடலைத் தூண்டும், தவறு அதிகம் நடக்கும் 'ஆ'வில்தான் அது அதிகம் வரும். தவறான கோடு திரையில் நிலைக்காமல் மறைந்துவிட்டால் போதும், அவரே புரிந்துகொள்வார். எல்லாத் தொடுகைகளையும், தவறானவற்றையும் சேர்த்து, நேரத்தோடு பதிவு செய்யுங்கள்.

தலையை எவ்வளவு அசைத்தால் தரவை ஒதுக்க வேண்டும்?

அடுத்தடுத்த படங்களுக்கிடையே இடப்பெயர்ச்சி 0.5 மி.மீ.யைத் தாண்டும் படங்களைக் குறித்துவைப்பது பரவலான வழக்கம்; ஓய்வுநிலை ஆய்வுகளில் 0.2 மி.மீ. வரை கடுமையாக்குவார்கள். மொத்தப் படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறிக்கப்பட்டால் அந்த ஓட்டத்தை விட்டுவிடலாம். ஆறு அசைவு மாறிகளோடு (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி) முந்தைய படத்தின் மதிப்புகளும் அவற்றின் வர்க்கங்களும் சேர்த்து 24 மாறிகள் மாதிரியில் போகட்டும்.

எழுதும் பணியில் இன்னொன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தலை அசையாமலே இருந்தாலும் கை நகர்வது காந்தப்புலத்தைச் சற்றே மாற்றும். கை என்பது பெரிய நீர்த்தொகுதி. அது இடம் மாறினால் தலைப் பகுதியின் புலமும் மாறும், படம் குறியேற்றத் திசையில் ஒரு துளி நகரும். மென்பொருள் இதைத் தலை அசைவு என்றே பதியும். அடையாளம் காணும் வழி நேரத்தில் உள்ளது: இந்தக் கோளாறு கை அசைந்த அதே நொடியில் வரும், மூளைச் சிக்னலோ ஐந்தாறு நொடி தாமதமாக வரும். மேல்கையை உடலோடு ஒட்டி நுரைப்பஞ்சு வைத்துக் கட்டி, முழங்கைக்கு அடியில் தலையணை கொடுத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். தலைக்கு இரு பக்கமும் பஞ்சு வைப்பது சொல்லாமலே தெரிந்ததுதான்.

தமிழ் எழுத்துகளில் 'ஆ' பகுதியைச் செய்யலாமா?

ஆங்கில எழுத்து வரிசை நாவில் ஓடாதவருக்கு A-L கொடுத்தால் நீங்கள் அளப்பது தாவும் திறனை அல்ல, பள்ளிப் படிப்பை. தமிழில் உயிரெழுத்து பன்னிரண்டு. 13 எண்களோடு சேர்த்தால் 25 வட்டங்கள், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஆனால் திரையில் எ, ஏ இரண்டையும் பிரிப்பது ஒரு சிறு கீற்று. ஒ, ஓ இரண்டையும் பிரிப்பது அடிச் சுழி. புரொஜக்டரில் சிறிய அளவில் இவை கலங்கிவிடும். 0.7 டிகிரி போதாது, 1 டிகிரிக்கு ஏற்றுங்கள். தடித்த, அலங்காரமில்லாத எழுத்துரு வையுங்கள். குறில், நெடில் இணைகளை வரைபடத்தில் அருகருகே வைக்க வேண்டாம். இன்னொன்று, பலர் உயிரெழுத்தை 'அ, ஆ', 'இ, ஈ' என்று இணையிணையாகவே சொல்லிப் பழகியவர்கள். இணையின் நடுவே எண்ணை நுழைப்பது, இணை முடிந்தபின் நுழைப்பதைவிடக் கடினமாக இருக்கலாம். இணைப்பு வாரியாக நேரத்தைப் பதிந்தால் பகுப்பாய்வில் பார்க்கலாம். ஆங்கில வழியில் படித்த சென்னை இளைஞருக்கு A-L தான் எளிது என்பதையும் மறக்காதீர்கள். ஓர் ஆய்வுக்குள் ஒரே வடிவம், கலக்கக் கூடாது.

எழுத்தே தெரியாதவர்களுக்குக் கலர் டிரெயில்ஸ் சோதனை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் 2004 நரம்பு உளவியல் தொகுப்பில் இதைத்தான் சேர்த்திருக்கிறார்கள். எண்கள் மட்டுமே, வட்டங்கள் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக. இரண்டாம் பகுதியில் 1 தவிர மற்ற எண்கள் இரு நிறத்திலும் வருவதால் மொத்தம் 49 வட்டங்கள். 17 டிகிரித் திரையில் அது நெரிசல், பாதியாகக் குறைத்தே ஆக வேண்டும். மங்கிய புரொஜக்டர் விளக்கில் இளஞ்சிவப்பு வெளிறிவிடுவதையும் பாருங்கள்.

மற்ற சோதனைகளுக்கு என்ன செய்கிறார்கள்?

ஸ்ட்ரூப்: நிறப்பெயர் வேறொரு நிறத்தில் அச்சாகியிருக்க, சொல்லைப் படிக்காமல் அச்சின் நிறத்தை வாய்விட்டுச் சொல்வதுதான் மூல வடிவம். பேச்சைத் தவிர்ப்பதற்கென்றே 1998இல் எண்ணிக்கை ஸ்ட்ரூப் வந்தது. திரையில் ஒரே சொல் ஒன்று முதல் நான்கு முறை இருக்கும். எத்தனை முறை என்று பட்டன் அழுத்த வேண்டும். 'மூன்று' என்ற சொல் இருமுறை இருந்தால் குழப்பம், 'நாய்' இருமுறை இருந்தால் குழப்பமில்லை. தமிழில் செய்தால் எண் பெயர்களும் விலங்குப் பெயர்களும் எழுத்து எண்ணிக்கையில் ஒத்திருக்கட்டும். ஒரு பொறி: பல ஆய்வகங்களில் ஸ்கேனரின் தொடக்கத் துடிப்பு கணினிக்கு '5' விசையாக வரும், பட்டன் பெட்டி 1 முதல் 4 வரை அனுப்பும். மென்பொருள் '5'ஐயும் விடையாகப் பதிந்தால் இரண்டு நொடிக்கொருமுறை ஒரு தவறான விடை விழும்.

சொல் சரளம்: ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை முடிந்தவரை சொல்வது. வழக்கமான வடிவத்தில் ஒரு எழுத்துக்கு 60 நொடி. சொற்கள் முதல் பதினைந்து நொடியில் கொட்டும், பிறகு வறளும். 20 நொடித் தொகுதியாக வெட்டினால் வறண்ட பகுதி போய்விடுகிறது; நோயாளிகளிடம் வேறுபாடு தெரியும் இடமே அதுவாக இருக்கலாம். வாய்விட்டுச் சொல்ல வைக்க விரும்பினால் இரண்டு நொடி படம், ஆறேழு நொடி அமைதி என்று இடைவெளி விட்டு எடுக்கலாம். சிக்னல் தாமதமாக வருவதால் அமைதியில் பேசியது அடுத்த படத்தில் சிக்கும்.

எண்-குறியீடு: ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய குறியை எழுதுவதற்குப் பதிலாக, ஒன்பது இணைகள் மேலே, ஓர் இணை கீழே, பொருந்துகிறதா இல்லையா என்று பட்டன். நன்றாக இயங்கும் மாற்றம்.

கடிகாரம் வரைதல்: 'பதினொன்று பத்து' காட்டும் முகத்தை வரைவது. டேப்லெட்டில் மட்டுமே முடியும், தன் கையைத் திரையில் பார்க்காமல் செய்தால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைய வைக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு தொகுதிக்கும் வேறு நேரம் கொடுங்கள்.

பயிற்சி எவ்வளவு தேவை?

திரையைப் பார்த்துக்கொண்டு வேறிடத்தில் எழுதுவது புதிய கைத்திறன். அதைக் கற்கும் காலத்தில் எடுத்த படம் கற்றலைத்தான் காட்டும். போலி ஸ்கேனரில் படுக்க வைத்து, கட்டுப்பாட்டுப் பணியை மட்டும், வேகம் மேலும் கூடாமல் நிற்கும்வரை செய்ய வையுங்கள். எண், எழுத்து வரைபடங்களை ஓரிரண்டுக்கு மேல் காட்டாதீர்கள். புதிய வரைபடங்கள் வேண்டுமென்றால் இருப்பதன் இருப்பிடங்களைச் சுழற்றலாம், இடவலம் புரட்டலாம். கோட்டு நீளம் மாறாது. எண்ணும் எழுத்தும் மட்டும் நிமிர்ந்தே இருக்கட்டும். விளக்கங்களை முழுக்க வெளியிலேயே முடியுங்கள்; ஓட்டம் தொடங்கிவிட்டால் காதடைப்பானும் இரைச்சலும் சேர்ந்து எதுவும் காதில் விழாது.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள்?

உலோகச் சட்டம் உள்ளே போகாது. பிளாஸ்டிக் சட்டத்தில் மாற்று லென்ஸ் போடும் தொகுப்பு வாங்கிவையுங்கள். திரை ஒரு மீட்டர் தொலைவில் இருப்பதால் படிக்கும் கண்ணாடியின் பவரும் தூரப்பார்வைப் பவரும் இரண்டுமே பொருந்தாமல் போகலாம். படுத்த நிலையில் சிறு எண்களைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

முதியவர்களிடமும் நோயாளிகளிடமும் என்ன கவனிக்க வேண்டும்?

நாம் அளப்பது நரம்பணுவை நேராக அல்ல, இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. வயது, இரத்தநாள நோய், இரத்த அழுத்த மருந்து, காலையில் குடித்த காப்பி எல்லாம் அந்த உறவை மாற்றும். இளைஞரைவிட முதியவருக்குச் சிக்னல் குறைவு என்பதாலேயே மூளை குறைவாக வேலை செய்தது என்று எழுதிவிடக் கூடாது. 15 நொடி மூச்சடக்கும் பணியைச் சேர்த்து இரத்தநாள எதிர்வினையைத் தனியாக அளந்துவைக்கலாம். பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கு மற்றக் கையால் எழுத வைத்தால், கட்டுப்பாட்டுக் குழுவிலும் சிலர் அதே கையால் செய்ய வேண்டும்.

டேப்லெட் படத்தைக் கெடுக்கவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?

மனிதரைப் படுக்க வைக்கும் முன், தலைக்குப் பதிலாகச் சோதனைக் குடுவையை வைத்து மூன்று முறை படமெடுங்கள்: டேப்லெட் இல்லாமல், உள்ளே இருந்து அணைந்த நிலையில், ஒருவர் கையால் வரைந்துகொண்டிருக்க இயங்கும் நிலையில். மூன்றிலும் நேரவழிச் சிக்னல்-இரைச்சல் விகிதத்தை ஒப்பிடுங்கள். படத்தின் குறுக்கே ஜிப் போலப் புள்ளிக்கோடு தெரிந்தால் வெளி அலை கசிகிறது. முதலில் கம்பியின் உறையையும் வடிகட்டியையும் பாருங்கள். எதிர்த்திசையிலும் சோதியுங்கள்: படமெடுக்கும்போது எழுதுகோலை அசைக்காமல் ஒரே புள்ளியில் வைத்தால் பதிவாகும் புள்ளி ஆடுகிறதா?

ஸ்கேனரில் வந்த மதிப்பெண்ணைத் தாளுக்கான அட்டவணையில் பார்க்கலாமா?

கூடாது. நிலை வேறு, வேகம் வேறு, மதிப்பெண்ணின் அலகே வேறு. அதே நபருக்கு அன்றே வெளியே தாளில் வேறு வரைபடம் கொடுத்து, பாதிப் பேருக்கு ஸ்கேனுக்கு முன், பாதிப் பேருக்குப் பின் என்று வைத்து ஒப்பிடுங்கள். தொடர்புக் கெழு நன்றாக இருந்தால் இரண்டும் ஆட்களை ஒரே மாதிரி வரிசைப்படுத்துகின்றன என்று சொல்லலாம், அவ்வளவுதான். நோயாளியின் அறிக்கையில் எழுத வேண்டியது தாள் மதிப்பெண்.

எம்.ஆர்.ஐ.யைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு, பல நேரங்களில் அதுவே பொருத்தம். அண்மை அகச்சிவப்பு முறையில் (தலையில் ஒளி பாய்ச்சிப் புறணியின் இரத்த மாற்றத்தை அளப்பது) பங்கேற்பாளர் மேசை முன் அமர்ந்து உண்மையான தாளில் உண்மையான பென்சிலால் செய்யலாம். ஒளி விடும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் 3 செ.மீ. இடைவெளி, புறணியின் மேற்பரப்புக்கு அப்பால் ஆழமாகத் தெரியாது, நெற்றித் தோலின் இரத்த ஓட்டமும் கலக்கும். அதைப் பிரிக்க 1 செ.மீ.க்குள் ஒரு குறுந்தொலைவு முனையும் வையுங்கள். முன்மூளை மட்டும்தான் கேள்வி என்றால் இது போதும்.

குளுக்கோஸ் பெட் ஸ்கேனும் பழைய நல்ல வழி. மருந்தை ஊசியில் ஏற்றியபின் மூளை அதை எடுத்துக்கொள்ளும் முதல் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி சோதனைகளைச் செய்ய வைத்து, பிறகு கருவிக்குள் படுக்க வைக்கலாம். படத்தில் தெரிவது பெரும்பாலும் அந்த அரை மணியின் உழைப்பு. ஆனால் எல்லாத் தொகுதிகளும் ஒரே சராசரிப் படமாகச் சேர்ந்துவிடுவதால் 'அ'வுக்கு ஒரு நாள், 'ஆ'வுக்கு ஒரு நாள் என்று இருமுறை வர வேண்டும், இருமுறை கதிரியக்கமும் ஏற வேண்டும்.

உரிமம் வாங்க வேண்டுமா?

டிரெயில் மேக்கிங்கின் மூல இராணுவ வடிவம் பொதுவுடைமை. வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைத் தொகுப்பின் எண்-குறியீடு, கலர் டிரெயில்ஸ் போன்றவை பதிப்பகங்களின் உரிமை. திரை வடிவமாக மாற்றுவதற்கும் எழுத்துவழி அனுமதி தேவை. குறியீடுகளையும் வரைபடங்களையும் நீங்களே புதிதாக உருவாக்கினால் அந்தத் தொல்லை குறையும். மருத்துவமனைகளில் பயன்படும் தாள்களின் படங்களை மட்டும் ஆய்வறிக்கையின் பின்னிணைப்பிலோ இணையத்திலோ போடாதீர்கள். பார்த்துப் பழகிவந்த நோயாளியிடம் அந்தச் சோதனை எதையும் அளக்காது.